சுவிசேஷத்தின் பொருளும் பயனும்: பாயிர மரபு பற்றிய ஓர் ஆய்வு

தமிழ் மரபில் ஒரு நூலைக் கற்கப் புகுவோன் முதற்கண் அறிந்துகொள்ள வேண்டுவன சில உள. அந்நூலின் பெயர் யாது, அஃது எப்பொருளைக் கூற எழுந்தது, அதனைக் கேட்டற்கு உரியார் யாவர், கேட்டோர் பெறும் பயன் யாது என்பன அவை. பவணந்தி முனிவர் நன்னூலிற் சிறப்புப் பாயிரத்துக்கு உரியனவாக வகுத்த எட்டனுள் இந்நான்கும் அடங்கும். இவற்றுக்கு விடை காணாமல் ஒரு நூலைப் புகழ்தலும் இகழ்தலும் நம் முன்னோர்க்கு உடன்பாடல்ல. கிறிஸ்தவர்கள் சுவிசேஷம் என்றும் நற்செய்தி என்றும் வழங்கும் நான்கு நூல்களை இந்நான்கு வினாக்களையுங் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்துக் கல்லூரி ஒன்றின் ஆண்டுமலருக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். விடை நம் நகரிலேயே உண்டு. திருகோணமலையிற் கோணேசப் பெருமானை வழிபடச் செல்வோர் பிரெடரிக் கோட்டை வாயிலைக் கடந்தே செல்கின்றனர். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை இடித்து, அதன் கற்களையே கொண்டு அவ்விடத்திற் கோட்டை எழுப்பினர். மண்ணுள் மறைந்து கிடந்த திருவுருவங்கள் சில 1950ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. 1963ஆம் ஆண்டில் ஆலயத்துக்கு மீளவுங் குடமுழுக்கு நிகழ்ந்தது. கோயில் எழுந்துவிட்டது. ஆயினும் அதனை இடித்தோர் தம்முடையதெனக் கொண்டாடிய நூல் உண்மையில் யாது கூறுகின்றது என்பதை நாம் அமைதியாக இருந்து கற்றோமா என்னும் வினா இன்னும் எஞ்சி நிற்கின்றது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்நகரில் 1893ஆம் ஆண்டு முதல் கத்தோலிக்க மறைமாவட்டம் நிலவுகின்றது. புனித சூசையப்பர் கல்லூரியும் மெதடிஸ்த பெண்கள் கல்லூரியும் நம் கல்லூரியோடு ஒரே ஊரில் வளர்ந்தவை. இலங்கைப் பாடசாலைகளில் ஒவ்வொரு மாணவரும் தத்தஞ் சமயத்தையே பாடமாகக் கற்கின்றனர். ஒரே வாங்கில் அமர்ந்து கணிதமுந் தமிழுங் கற்கும் இருவர், சமய பாடம் வந்ததும் வேறு வேறு அறைகளுக்குப் பிரிந்து செல்கின்றனர். ஆதலின் அயல்வீட்டார் உயிரெனப் போற்றும் நூலைப் பற்றிச் செவிவழி வந்த சில துணுக்குகளன்றி நம் மாணவர் அறிவது சிறிது. இக்குறை இருபாலார்க்கும் பொது.

பிறர் நூலை முறையாகக் கற்றல் சைவ மரபுக்குப் புறம்பானதன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிற் சுபக்கத்துக்கு முன்னே பரபக்கத்தை வைத்தார். மறுக்கப்படும் மதத்தை முதலில் உள்ளவாறு எடுத்துரைத்தல் அவர் கைக்கொண்ட முறை. நாம் பாயிர இலக்கணங் கற்கும் நன்னூலே ஒரு சமண முனிவர் செய்தது. அதனைப் பதிப்பித்துப் பரப்பியோருள் ஒருவர் சைவங் காத்த ஆறுமுக நாவலர். அவ்வழியிலேயே ஈண்டும் செல்வோம்.

நூற்பெயர்

இந்நான்கு நூல்களும் முதலிற் கிரேக்க மொழியில் எழுந்தவை. அம்மொழியில் 'யுவாங்கேலியொன்' என்பது பெயர். நற்செய்தி என்பது அதன் நேர்பொருள். இச்சொல் கிறிஸ்தவர் புதிதாக ஆக்கிக்கொண்டதன்று. போர்க்களத்தினின்றும் வெற்றியை ஊருக்குக் கொணரும் தூதனின் செய்திக்கும், அரசன் பிறந்தான், அரியணை ஏறினான் என்னும் அறிவிப்புக்கும் அது வழங்கிற்று. கி.மு. 9ஆம் ஆண்டளவிற் சின்ன ஆசியாவின் பிரியேனே நகரிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டொன்று, உரோமப் பேரரசன் அகஸ்துவின் பிறந்தநாளை உலகுக்கு நற்செய்திகளின் தொடக்கமாகக் கூறுகின்றது. பேரரசின் சிறப்புக்குரிய அச்சொல்லையே, அப்பேரரசின் ஆளுநன் ஆணையாற் சிலுவையில் அறையுண்ட ஒருவரின் வரலாற்றைத் தொடங்க மாற்கு எடுத்துக்கொண்டார். எபிரேய மரபிலும் இச்சொல்லுக்கு வேர் உண்டு. சிறையிருப்பினின்றும் மக்கள் மீளும் நாளை அறிவிக்கும் தூதனை ஏசாயாவின் நூல் போற்றுகின்றது. ஆகவே இப்பெயருக்குள் இரண்டு கருத்துகள் அடங்கியுள்ளன: ஒன்று அரசு, மற்றொன்று விடுதலை.

இப்பெயர் தமிழுக்கு வந்த வரலாறு சுவையுடையது. 1714ஆம் ஆண்டில் தரங்கம்பாடியிற் சீகன்பால்கு ஐயர் நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் ஒருங்கு அச்சிட்டபோது, அதற்கு 'அஞ்சு வேத பொஸ்தகம்' எனப் பெயர் அமைந்தது. செய்தி ஈண்டு வேதமாயிற்று. பிற்காலத்தில் விவிலியம் முழுமைக்கும் வேதாகமம் என்னும் பெயர் நிலைத்தது. வேதம், ஆகமம் என்னுஞ் சைவரின் இரு பெருநூற் பெயர்களும் அவ்வொரு சொல்லில் இணைந்தன. ஈழநாட்டிலும் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்றழைக்கும் வழக்கு உண்டானது. இது வெறுஞ் சொல் வழக்கெனக் கழிக்கத்தக்கதன்று. ஒரு நூலை வேதம் என்றவுடன், முன்னரே வேதமுடையோர் முன் அது போட்டிக்கு நிற்கின்றது. எவ்வேதம் மெய், எவ்வேதம் பொய் என்னும் வழக்கு அப்போதே தொடங்கிவிடுகின்றது. 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திற் கண்டனமும் மறுப்புமாக அச்சேறிய சிறு நூல்களிற் பல இவ்வழக்கின் வழிவந்தவை.

சுவிசேஷம் என்னுஞ் சொல்லைச் சிலர் வடமொழிக் கலப்பெனக் கருதி ஒதுக்குவர். அது முற்றும் பொருந்துவதன்று. விசேஷம் என்பதற்கு வடமொழியிற் சிறப்பு, வேறுபாடு என்பனவே பொருள். தமிழர் வாய்மொழியிலோ, வழியிற் கண்டவரை "என்ன விசேஷம்?" என்று கேட்கும்போது அது செய்தியைக் குறிக்கின்றது. நல்ல விசேஷமே சுவிசேஷம். வடமொழிச் சொல்லாயினும் தமிழர் அதற்கு வழங்கிய பொருளே மூலத்துக்கு அணுக்கமானது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியம் நற்செய்தி என்னும் பெயரை மேற்கொண்டது. அதுவும் மூலத்துக்கு முற்றும் இயைந்ததே. வேதம் என்ற பெயர் மறைத்ததை இவ்விரு பெயர்களும் வெளிப்படுத்துகின்றன. வேதம் ஓதப்படுவது, செய்தி சொல்லப்படுவது. வேதத்துக்கு அதிகாரம் வேண்டும். செய்திக்குக் கேட்பவரின் செவியும், சொல்பவரின் நம்பகமும் வேண்டும்.

நுதலிய பொருள்

நான்கனுள் மாற்கு எழுதியதே முந்தியதென்றும், அது கி.பி. 70ஆம் ஆண்டை அடுத்த காலத்தது என்றும் அறிஞருட் பெரும்பாலோர் கொள்வர். மத்தேயுவும் லூக்காவும் அதனைப் பயன்படுத்தினர். யோவான் நூல் முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது. லூக்கா தம் நூலுக்குச் செம்மையான பாயிரமே தந்துள்ளார். முன்னோர் பலர் எழுதியிருத்தலையும், தாம் யாவற்றையுந் தொடக்கத்தினின்றும் ஆராய்ந்தமையையும், முறைப்படுத்தி எழுதுதலையும், தேயோப்பிலு என்பார் தாங் கற்றவற்றின் உறுதியை அறிதலே நோக்கமென்பதையும் அவர் சொல்லிவிடுகின்றார். வழி, கேட்போர், பயன் என்பன அங்கே ஒருசேர அமைந்துள்ளன.

இயேசு அறிவித்த பொருள் யாது? கடவுளின் அரசு அணுகிவிட்டது என்பதே மாற்கு தரும் சுருக்கம். அவ்வரசின் இயல்பை அவர் இலக்கணமாக வகுத்துரைக்கவில்லை, கதைகளாற் காட்டினார். அவற்றுள் நம் துறைமுகத்து மக்களுக்கு எளிதிற் புலப்படும் ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். திராட்சைத் தோட்டக்காரன் ஒருவன் விடியலிற் சந்தைவெளிக்குச் சென்று நாட்கூலி பேசி ஆட்களை அமர்த்துகின்றான். பின்னும் பல வேளைகளிற் சென்று, வேலையின்றி நிற்போரை அழைக்கின்றான். பொழுது சாய ஒரு மணிநேரமே இருக்கும்போதுஞ் சிலரை அழைக்கின்றான். மாலையில் அனைவர்க்கும் ஒரே கூலி கொடுக்கின்றான். வெயிலில் உழைத்தோர் முறுமுறுக்கின்றனர். பேசிய கூலியிற் குறைத்தேனல்லேன், என் ஈகை உனக்குப் பொறாமையோ என்பது தோட்டக்காரன் விடையின் கருத்து.

நாட்கூலிக்கு நிற்போரைக் கண்டறிந்த எவர்க்கும் இக்கதையின் முனை தைக்கும். அழைப்பாரின்றி மாலைவரை நின்றவனுக்கும் வீட்டில் அதே பசி உண்டு. ஒருநாட் கூலியிற் பன்னிரண்டில் ஒரு பங்கு அவன் குடும்பத்துக்கு உணவாகாது. கூலி உழைப்புக்கு ஈடாதல் வேண்டும் என்னும் நீதியை இக்கதை மறுக்கவில்லை. அந்நீதிக்கு மேலும் ஒன்றுண்டு என்கின்றது. சைவசித்தாந்தம் பயின்றார்க்கு ஈண்டு ஒரு வினா எழும். வினைக்கு ஈடாகவே இன்பதுன்பங்கள் வருமென்பது நம் கொள்கை. அவ்வினையைக் கூட்டுவிப்பவன் இறைவன். அங்ஙனமாயின் இத்தோட்டக்காரன் செயல் முறைகேடன்றோ? ஆயினும் நம் மரபிலும் அருள் வினைக்கு அடிமையன்று. இருவினையொப்பும் மலபரிபாகமும் வந்தவிடத்துச் சத்திநிபாதம் நிகழும் என்பர். அருளுக்கு உரிய காலத்தைச் சைவம் உயிரின் பக்குவத்தில் வைத்தது. சுவிசேஷம் அதனைத் தோட்டக்காரனின் ஈகையில் வைத்தது. இரு நெறியும் அருளையே பேசுகின்றன. அருள் வரும் வழியைக் குறித்தே வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டைக் காணாது இரண்டும் ஒன்றே என்பாரும், இரண்டுக்கும் தொடர்பேயில்லை என்பாரும் கதையைப் படித்தவராகார்.

நுதலிய பொருளில் இன்னொரு படியும் உண்டு. சுவிசேஷங்களுக்கு முன்னரே எழுதப்பெற்ற பவுலின் கடிதங்களில், நற்செய்தி என்பது இயேசுவின் மரணமும் உயிர்த்தெழுதலுமாக அமைகின்றது. செய்தி சொல்லியவர் தாமே பின்னர்ச் செய்தியின் பொருளாக மாறியதை 20ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் புல்ட்மன் எடுத்துக்காட்டினார். நான்கு நூல்களும் இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கியுள்ளன. முன்னதை மட்டும் எடுத்துப் பின்னதை விடுதல் நம்மவர்க்கு எளிது. அது நூலை முழுதாகக் கற்றலாகாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கேட்போர்

ஆசிரியத் தொழில் புரிவோர்க்கு இவ்வாராய்ச்சியில் மிகுந்த பயன் தருவது இப்பகுதியே. நன்னூற் பொதுப்பாயிரம் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்துகின்றது. அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடையாயவர்க்கு உவமை. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடையாயவர்க்கு உவமை. அதன்மேலும், நூல் கற்பித்தற்கு ஆகாதவர் பட்டியல் ஒன்றும் அங்கே உண்டு. பிணியன், கள்வன், சினத்தன், பாவி என்போர் அதில் இடம்பெறுகின்றனர்.

இனி மாற்கு நூலின் நான்காம் அதிகாரத்தில் வரும் விதைப்பவன் உவமையை அருகே வைத்து நோக்குக. விதை விழும் நிலம் நால்வகை. வழியோரத்து விதையைப் பறவைகள் கொத்திச் செல்கின்றன. பாறைமேல் விழுந்தது முளைத்தும் வேரின்றிக் கருகுகின்றது. முட்செடிகளிடை விழுந்தது நெருக்குண்டு அழிகின்றது. நன்னிலத்து விதை முப்பதும் அறுபதும் நூறுமாகப் பலன் தருகின்றது. கேட்போரைத் தரம் பிரித்தலில் இவ்வுவமை நன்னூலுக்கு மிக அணுக்கமானது. கேட்டும் கொள்ளாதவர் உளர் என்பதை இயேசுவும் பவணந்தியாரும் ஒருங்கே அறிந்திருந்தனர். எவ்வகுப்பறையிலும் இந்நால்வகை நிலத்தையுங் காணலாம்.

வேறுபாடு விதைப்பவனின் செயலில் உள்ளது. நன்னூல் ஆசிரியன் நிலத்தை ஆராய்ந்து, தகுதி கண்டு, தகாதாரை விலக்கிக் கற்பிப்பவன். சுவிசேஷத்து விதைப்பவனோ வழியோரத்திலும் பாறையிலும் முள்ளிலும் விதையை வாரி வீசிச் செல்கின்றான். நல்ல உழவன் இங்ஙனம் விதையை வீணாக்கான் என்று நம் வன்னிக் கமக்காரர் சொல்லக்கூடும். அவ்வீண்செலவே அக்கதையின் பொருள். நன்னூல் விலக்கிய பிணியனுங் கள்வனும் பாவியும் இந்நூல்களில் முதல் வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். தொழுநோயர், ஆயக்காரர், ஊரார் ஒதுக்கிய பெண்கள் ஆகியோரே இயேசுவைச் சூழ்ந்தவர். அவரோடு அறையுண்ட குற்றவாளியொருவன் சாகும் வேளையில் அவர் வாக்கைப் பெற்றான் என்று லூக்கா எழுதுகின்றார்.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. நன்னூல் பேசுவது கல்வி. சுவிசேஷம் பேசுவது அருள். கல்விக்குத் தகுதி நோக்குதல் குற்றமன்று. அருளைப் பற்றிப் பேசும்போது நம் மரபும் தகுதியை வேறுவிதமாகவே கண்டது. வாயில் நீர்கொணர்ந்து ஊனைப் படைத்த வேடர் கண்ணப்பர், ஆகம விதி வழுவாத சிவகோசரியாரினும் இறைவனுக்கு அணுக்கரானார். ஊர்ப் புறத்தே வைக்கப்பட்ட திருநாளைப்போவார் அறுபத்துமூவருள் ஒருவராயினார். ஆகவே எளியார்க்கு அருள் என்பது சைவத்துக்கு அயலானதென எவருங் கூறற்க. ஆயினும் பெரியபுராணத்திற் கண்ட அவ்வருளை நம் ஊர்க் கோயில் வாயிலிலும் பள்ளி வாயிலிலும் நாம் நடைமுறைப்படுத்தினோமா? ஆலயக் கதவுகள் சிலருக்கு அடைபட்டுக் கிடந்த காலம் அண்மையது. அடைத்தவர் சைவரே. எளியோர் சிலர் வேறொரு வாயிலை நாடிச் சென்றதற்கு விலைகொடுத்து வாங்கினர் என்பது மட்டுமே காரணமெனச் சொல்லுதல் நமக்கு இதமளிப்பது, முழு உண்மையன்று.

லூக்காவின் நான்காம் அதிகாரம் இக்கருத்துக்கு முடிமணி. இயேசு தம் சொந்த ஊராகிய நாசரேத்தின் தொழுகைக்கூடத்தில் ஏசாயாவின் நூலை வாசிக்கின்றார். வறியவர்க்கு நற்செய்தி, சிறைப்பட்டோர்க்கு விடுதலை என்பன அப்பகுதியின் கருத்து. கேட்டோர் மகிழ்ந்தனர். அடுத்து, பழங்காலத்து இறைவாக்கினர் வழியாக நன்மை பெற்றவர் சீதோன் நாட்டுக் கைம்பெண்ணும் சீரியா நாட்டு நாகமானும் என்று அவர் சொன்னவுடன், அதே மக்கள் சினந்து அவரை மலையுச்சியினின்று தள்ள முயன்றனர். செய்தி தமக்கு என்றபோது அது நற்செய்தி; அயலார்க்கும் என்றபோது அது பகை. இச்சிற்றூர் நிகழ்ச்சியில் எல்லாச் சமயத்தாரும் தம் முகத்தைக் காணலாம்.

பயன்

யோவான் தம் நூலின் பயனை வெளிப்படையாகவே கூறிவிட்டார்: படிப்போர் இயேசுவை நம்புதலும், அந்நம்பிக்கையால் வாழ்வு பெறுதலுமே அது. ஏனைய நூல்களில் முதற்பயனாக நிற்பது மனந்திரும்புதல். அதற்குரிய கிரேக்கச் சொல் உள்ளத்தின் நோக்கு மாறுதலைக் குறிப்பது.

மனமாற்றமே வேண்டுவது, மதமாற்றம் அன்று என்று நம்மவர் பலர் இவ்விடத்தில் முடிப்பர். அது பாதி உண்மை. எல்லா நாட்டு மக்களையுஞ் சீடராக்குக என்னும் கருத்துடன் மத்தேயு தம் நூலை முடிக்கின்றார். அதனை இல்லையெனச் சொல்லுதல் நேர்மையாகாது. ஆயினும் அதே மத்தேயுவின் இருபத்துமூன்றாம் அதிகாரத்தில், ஒருவனைத் தம் மதத்திற் சேர்த்தற்குக் கடலையும் தரையையுஞ் சுற்றித் திரிந்து, சேர்ந்தவனைத் தம்மினுங் கேடனாக்குவோரை இயேசு கடிந்துரைக்கின்றார். மாற்கு நூலின் ஆறாம் அதிகாரத்திற் சீடரை அனுப்பும்போது அவர் விதித்த விதிகள் இன்னுஞ் சிறந்தவை. பையும் பணமும் எடுத்துச் செல்லலாகாது. இரண்டு அங்கி ஆகாது. ஏற்றுக்கொண்ட வீட்டில் தங்குக. ஏற்காத ஊரினின்றுங் காலிற் படிந்த தூசியை உதறிவிட்டுப் போய்விடுக. செய்தி கொண்டுசெல்வோன் வறியவனாய்ச் செல்லவேண்டும். மறுத்தோரை வற்புறுத்தலாகாது என்பதே இவ்விதிகளின் பிழிவு.

இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு நம் நாட்டு வரலாற்றை நோக்கினால் தீர்ப்பு எளிதாகும். கோயிலை இடித்துக் கோட்டை கட்டியோர் பையோடும் பீரங்கியோடும் வந்தனர். அவர் மீறியது நம் நூலை மட்டுமன்று, தம் நூலையுமே. ஒல்லாந்தர் காலத்தில் திருமுழுக்குப் பெற்றோர்க்கே உத்தியோகம் எனவும், ஆங்கிலேயர் காலத்திற் கல்வி வேண்டின் மிஷன் பள்ளி எனவும் இருந்த நிலையைப் பற்றியும் இதுவே கூறவேண்டும். பதவிக்காகக் கேட்கப்பட்டது செய்தியாகாது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் பெரும்பாலான உதவிபெறும் பாடசாலைகள் அரசின் கைக்கு மாறின. எனினும் வினா அத்துடன் முடிந்துவிடவில்லை. 2004ஆம் ஆண்டிற் கட்டாய மதமாற்றத்தைத் தடைசெய்யுஞ் சட்டமூலம் ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணாவன என உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. அதன் பின்னர், துயர்ப்பட்டோர்க்கு அளிக்கும் உதவியுஞ் சமயப் பரப்புரையுங் கலக்கலாமா என்னும் வழக்கு நாடெங்கும் எழுந்தது. உண்ணக் கொடுக்கும் கையிலேயே நிபந்தனையையும் வைத்திருப்பவன் தோட்டக்காரன் கதையை மறந்தவனாவான். அவன் ஈகை பேரம்.

இதற்கு நேர்மாறாக, யாழ்ப்பாணத்திற் பிறந்து உலகத் திருச்சபைகளின் பேரவையில் 1948ஆம் ஆண்டின் முதன் மாநாட்டிலேயே உரையாற்றிய டி. ரி. நைல்ஸ் தந்த விளக்கம் நினைத்தற்குரியது. சோறு கிடைக்கும் இடத்தை ஓர் இரவலன் இன்னோர் இரவலனுக்குச் சொல்லுதலே நற்செய்தி அறிவித்தல் என்பது அவர் கருத்து. நம் இலக்கியம் பயின்றோர்க்கு இது புதிதன்று. பரிசில் பெற்று மீளும் பாணன் வழியிற் கண்ட பாணனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்தும் மரபு சங்க காலத்தது. முருகனிடம் ஆற்றுப்படுத்தும் நூலே பத்துப்பாட்டின் முதற்பாட்டு. ஆற்றுப்படுத்துவோன் கேட்போனிலும் மேலோன் அல்லன். முன்னே சென்று உண்டவன், அவ்வளவே. சுவிசேஷம் அறிவித்தலுக்குத் தமிழில் உரிய இலக்கிய வகையைத் தேடினால் ஆற்றுப்படையே வந்து நிற்கும்.

இரு வாசிப்புகள்

இந்துக்கள் இந்நூலை வாசித்த முறைகளில் இரண்டு ஈண்டு ஆராயத்தக்கன. முதலாவது இராஜா ராம்மோகன் ராயர் 1820ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் வெளியிட்ட தொகுப்பு. அவர் இயேசுவின் அறவுரைகளைப் பிரித்தெடுத்து, அற்புதங்களையும் வரலாற்றையும் பெரும்பாலும் விடுத்தார். சீராம்பூர் மிஷனரியாகிய மார்ஷ்மன் அதனைக் கடுமையாக மறுத்தார். மலைப்பொழிவைப் பெரிதும் போற்றிய காந்தியடிகளும், இயேசு வாழ்ந்திலர் என்று எவரேனும் நிறுவினாலும் அவ்வுரை தமக்கு மெய்யே என்ற கருத்தினர். இவ்வாசிப்பு உயர்ந்தது, பல உள்ளங்களுக்கு வழி திறந்தது. ஆயினும் பாயிர நோக்கில் இதற்குக் குறை உண்டு. செய்தியாக வந்ததை இது நீதிநூலாக்கிவிடுகின்றது. நீதிநூலே வேண்டுவதாயின் நமக்குத் திருக்குறள் போதும். நிகழ்ந்தது எனச் சொல்லப்படுவதை நிகழ்ந்ததா என்று கேளாமல் விடுதல் மரியாதை போலத் தோன்றும். உண்மையில் அது கேட்க மறுத்தலே.

இரண்டாவது நாவலர் வாசிப்பு. பேர்சிவல் பாதிரியாரின்கீழ் விவிலியத் தமிழாக்கத்தில் அவர் உழைத்தார். அம்மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டிற் சென்னையில் அச்சாயிற்று. 1847ஆம் ஆண்டின் இறுதிநாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1854ஆம் ஆண்டிற் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டார். சைவக் கிரியைகளைப் பழித்தோர்க்கு அவர் விவிலியத்தைக் கொண்டே விடை கூறினார்: எருசலேம் ஆலயத்துப் பலி, தூபம், தீபம், சுத்தி என்பன அவர்தம் நூலிலேயே விதிக்கப்பட்டிருக்க, நம் பூசையைப் பழித்தல் எங்ஙனம் என்பது அவர் வாதம். எதிரியின் நூலை எதிரியினும் நன்கறிந்து வாதிட்ட பெருமை அவருக்கு உரியது. துண்டு துண்டாக எடுக்காமல் முழுமையாகக் கற்றவர் அவர். ஆயினும் அவர் காலத்து வழக்கு வேதத்துக்கும் வேதத்துக்கும் இடையே, கிரியைக்கும் கிரியைக்கும் இடையே நிகழ்ந்தது. செய்தி என்னும் நிலையில் அது யாருக்கு நன்மை என்னும் வினா அவ்வழக்கில் முன்வரவில்லை. அது நாவலர் குற்றமன்று. வழக்கைத் தொடங்கிய மிஷனரிமாரே அவ்வினாவை எழுப்பவில்லை.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு குறிப்பு நம் கல்லூரிக்கு உரியது. நெடுங்காலம் இக்கல்லூரியைப் பேணிய இராமகிருஷ்ண மிஷனின் முன்னோர், 1886ஆம் ஆண்டு ஆந்த்பூரில் வேள்வித் தீ முன் அமர்ந்து துறவு பூண்பதென உறுதிகொண்ட இரவில் விவேகானந்தர் எடுத்துரைத்தது இயேசுவின் வரலாறு. அவ்விரவு கிறிஸ்து பிறப்பின் முன்னிரவு என்பதைப் பின்னரே உணர்ந்தனர். அவர் ஆங்கே நீதிமொழிகளைத் தொகுத்தாரல்லர். வாழ்ந்த ஒருவரின் கதையைச் சொன்னார். கேட்டோர் கிறிஸ்தவராகவுமில்லை, கேட்ட முன்னைய நிலையிலேயே இருக்கவுமில்லை. ஒரு செய்தி செய்தியாகவே கேட்கப்பட்டதற்கு அது தக்க சான்று.

முடிபு

ஆராய்ந்தவற்றைத் தொகுத்து நோக்குவோம். பெயரால் இந்நூல் ஓர் அறிவிப்பு. பொருளாற் கூலிக்கணக்கை மீறிய இறையரசும், அதனை அறிவித்தவரின் சாவும் எழுச்சியும். கேட்போர் தகுதியற்றவரென நாம் விலக்கியவர். பயன் உள்ளத்தின் திருப்பமும் நம்பிக்கையும். சைவனாகிய வாசகனுக்கு இதில் உடன்பட இயலாதன உள. இறைவன் பிறப்பிலி என்பது நம் துணிபு. கருவிற் பிறந்தான் என்பதை நாம் கொள்ளோம். ஒரே வழி, ஒரே முறை என்பதும் நமக்கு ஒவ்வாது. இவற்றை மறைத்துச் சமரசம் பேசுதல் கிறிஸ்தவ நண்பருக்குச் செய்யும் மரியாதையாகாது. உடன்படாமையை உள்ளவாறு சொல்லுதலே மரியாதை.

உடன்படாதவரும் இந்நூலாற் சோதிக்கப்படுகின்றனர். வழியோரத்திலும் விதைப்பவன் ஒருவனை இந்நூல் நம்முன் நிறுத்துகின்றது. நம் வகுப்பறைகளில் இல்லிக்குடம் என்றும் எருமை என்றும் நாம் ஒதுக்கிய மாணவர்க்கு நாம் எவ்வளவு விதை வீசினோம்? கண்ணப்பரைப் பாடும் நாம், இன்று கோயிற் படியில் நிற்கும் வேடரை எங்கே நிறுத்துகின்றோம்? கிறிஸ்தவ நண்பர்க்கும் அந்நூல் ஒரு வினாவை வைத்துள்ளது: பையின்றி, பேரமின்றி, உண்ட இரவலனாக வந்து சொல்கின்றீரா? இவ்விரு வினாக்களையும் தத்தம் பாலினர் தம்மையே கேட்டுக்கொள்வரேல், கோட்டை வாயிலுக்குள் இருக்கும் கோயிலும் கடற்கரையோரத் தேவாலயங்களும் ஒன்றையொன்று அஞ்ச வேண்டுவதில்லை. சமய பாட வேளையில் இரு அறைகளுக்குப் பிரியும் அவ்விருவரும், பாடம் முடிந்து மீண்டும் ஒரே வாங்கில் அமரும்போது, "என்ன விசேஷம்?" என்று ஒருவரையொருவர் வினவிக்கொள்ளும் அளவுக்கேனும் அவர்களை ஆயத்தப்படுத்துதல் ஆசிரியராகிய நம் கடன்.